உப்புக்காரன் படம்

எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கச் சண்டைப் படங்கள். அது என் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கென்று ஒதுக்கிய தட்டு. ராமநாதபுரத்து உப்புக் காற்றில் வெளியே வைத்த எதுவும் தப்பாது. ஜன்னல் கம்பியே வருஷா வருஷம் பொருக்கு உதிர்க்கிறது. அதனால் புடவைகள் பரணில் ஏறின, டிஸ்க்குகள் பீரோவுக்குள் போயின. ஈரம் உறிஞ்சுவதற்காக ஷூப் பெட்டிக்குள் போட்டிருப்பார்களே சின்னச் சின்னப் பொட்டலங்கள், அவற்றைப் பள்ளிக்கூடத்து விளையாட்டு அறையிலிருந்து பொறுக்கிவந்து இடுக்குகளில் செருகி வைத்திருக்கிறேன். நான் பி.டி. வாத்தியார். அந்த உத்தியோகத்தில் கிடைக்கிற ஒரே கிம்பளம் அதுதான்.

"கராத்தே படமா சார்?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கராத்தே ஜப்பான்காரர்களுடையது, குங்ஃபூ சீனர்களுடையது. இதைச் சொன்னால் எங்கள் சயின்ஸ் வாத்தியார், "எதுவா இருந்தா என்ன சார், அடி வாங்குறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்பார். அவரிடம் இந்தப் பேச்சையே விட்டுவிட்டேன்.

ஹாங்காங்கில் ஒரு காலத்தில் இந்தப் படங்களை மாதத்துக்கு நாலு, அஞ்சு என்று எடுத்துத் தள்ளினார்கள். நம் பக்கம் வந்து சேர்ந்தவை பல கை மாறிய பிரிண்டுகள். சிவப்பைத் தவிர மற்ற நிறமெல்லாம் வெளிறிப்போயிருக்கும். அதிலிருந்து ஒரு வீடியோ கேசட், அந்தக் கேசட்டிலிருந்து இன்னொரு கேசட். அகலமான படத்தைச் சதுர டிவிக்குள் அடைத்ததில் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டுவிடும்; உதைக்கிறவன் தெரிவான், உதை வாங்குகிறவன் தெரியமாட்டான். இப்போது வெளிநாட்டில் சில சின்னக் கம்பெனிகள் மூல நெகடிவ்வைத் தேடிப்பிடித்து, சுத்தம் செய்து, ஒவ்வொரு ஃப்ரேமாக ஸ்கேன் பண்ணி, கீறலெல்லாம் நீக்கி, நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்து ப்ளூரேயாகப் போடுகிறார்கள். முதன்முதலாக அப்படி ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் ஒரு வில்லனின் சட்டை பச்சை நிறம் என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை காலமும் அதைப் பழுப்பு என்றே நினைத்திருந்தேன். ஒரு பச்சைச் சட்டைக்காக அன்று கண் கலங்கிவிட்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இதில் எரிச்சலுக்கும் குறைவில்லை. சில கம்பெனிகள் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஃபிலிமுக்கே உரிய மணல் மாதிரிப் பொடிப்புள்ளிகளையெல்லாம் வழித்தெடுத்து, நடிகர்களை மெழுகு பொம்மையாக்கிவிடும். ஐரோப்பாவுக்கு என்று பூட்டிய டிஸ்க் அமெரிக்க பிளேயரில் ஓடாது. அதற்காகவே எல்லாப் பூட்டையும் திறந்த பிளேயர் ஒன்று வைத்திருக்கிறேன். கூரியரில் வரவழைத்தால் பெட்டி நசுங்கி வரும். ஆகவே சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மச்சினன்தான் ஊருக்கு வரும்போதெல்லாம் சூட்கேஸில் கொண்டுவருவான். "எல்லாரும் தைலம் கேப்பாக, சாக்லேட் கேப்பாக. எங்க அத்தானுக்கு மட்டும் அடிதடி வேணும்" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவான்.

எனக்காக மட்டும் சேர்த்தது என்றால் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பாதிக்கு மேல் அண்ணனுக்காக.

அண்ணன் முதுகுளத்தூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் இருக்கிறார். மானாவாரி மிளகாய், கொஞ்சம் ஆடு. மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் ஆட்டுக்காரர் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வார். சர்க்கரை வியாதி வெகுநாளாக உண்டு. அது காலைப் பிடிக்கும் என்று பயந்துகொண்டிருந்தோம், கண்ணைப் பிடித்துவிட்டது. வலது கண்ணில் மூட்டமாகத்தான் தெரியும். இடது கண்ணை மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். கண்ணுக்குள்ளேயே போடுகிற ஊசி. தேதி தப்பாமல் வரவேண்டும் என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான்தான் கூட்டிப்போவேன்.

இரண்டு பேருக்கும் இந்தப் பைத்தியம் ஒரே நாளில் பிடித்தது. நான் சின்னப் பையன், அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்தது. கோயில் பொங்கலுக்கு முதுகுளத்தூரிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துவந்து, ஊர்ச் சாவடியின் ஜன்னல்களைச் சாக்கால் அடைத்துப் பட்டப்பகலில் படம் போட்டார்கள். ஓர் உப்பு வியாபாரியின் கதை. தோளில் ஒரு தடி, அதன் இரண்டு முனையிலும் உப்புக் கூடை. அந்த ஊர் அதிகாரி அவனுடைய உப்பைப் பறிக்கிறான், தம்பியைக் கொல்கிறான். உப்புக்காரன் சுமை தூக்கும் தடியையே ஆயுதமாக்கிப் பழகுகிறான். கடைசியில் உப்புக் கிடங்குக்குள் இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். உப்புக்காரன் கூடைகளைக் கழற்றிவிட்டுத் தடியைத் தோளிலிருந்து இறக்குகிறான். அதோடு படம் போய்விட்டது. டிவியில் ஒரு குழந்தைக்குக் காது குத்திக்கொண்டிருந்தார்கள்.

கேசட் தட்டுப்பாட்டில் டெக்காரர் அந்தப் படத்தின் வால் பகுதியில் யார் வீட்டு விசேஷத்தையோ எடுத்துவிட்டிருந்தார். தாய்மாமன் சீர்த்தட்டு வரிசையாகப் போனது. சாவடியே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் மட்டும் எழுந்து டெக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அண்ணனுக்கு ஒரே கேள்விதான். தடியை இறக்கிவிட்டு அவன் என்ன செய்தான்? கேசட்டின் மேல் ஒட்டியிருந்த பேர் டெக்காரர் இஷ்டத்துக்கு எழுதியது. நிஜப் பேர் தெரியாமல் எந்தக் கடையில் போய்க் கேட்பது? நான் சேர்க்க ஆரம்பித்த பிறகு, போனில் பேசும்போதெல்லாம் மழை, மிளகாய் விலை, அப்புறம், "அந்த உப்புக்காரன் படம் வந்துச்சாடா?"

வந்தது. இந்தப் படங்களைச் சேர்க்கிறவர்கள் இணையத்தில் கூடிப் பேசுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே ஒருநாள் யாரோ ஒரு ஸ்டில்லைப் போட்டிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், நடுவில் தடியோடு ஒருவன். ஐரோப்பாவில் ஒரு சின்னக் கம்பெனி அதன் நெகடிவ்வைக் கண்டுபிடித்துச் சீர்செய்து வெளியிடப்போவதாக அறிவிப்பு. நான் உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"வெரசா வாங்கிருடா. கண்ணு இருக்கும்போதே பாத்துருவோம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மச்சினன் கொண்டுவந்து கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. பெட்டியின் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை. அடுத்த வாரம் அண்ணனுக்கு ஊசித் தேதி. ஞாயிற்றுக்கிழமை பிளேயரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவது, அங்கேயே படம் பார்ப்பது, மறுநாள் விடிந்ததும் அண்ணனை மதுரைக்குக் கூட்டிப்போவது. அண்ணன் வீட்டு டிவி பெரியது, திருப்பூரில் இருக்கிற மகள் வாங்கிக் கொடுத்தது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. சனிக்கிழமை காலையில் அண்ணன் வீட்டிலிருந்து மதினி போன் செய்தார், பெரியப்பா இறந்துவிட்டார் என்று.

பெரியப்பா என்றால் முறைக்குத்தான். பங்காளி. எங்கள் மிளகாய்க் காட்டுக்குப் போகிற வண்டிப்பாதையில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தவர். அதனால் எத்தனையோ வருஷமாக மிளகாய் மூட்டையைக் கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் தூக்கி வருகிறோம். எங்களைப் பெற்ற அய்யா செத்தபோது தெருமுனை வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர். அவருக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போய் வெகுகாலம்.

ஆனால் அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மூன்றும் பெண் பிள்ளைகள். எங்கள் வகையறாவில் அப்படியென்றால் பங்காளிகளில் அடுத்த தலைமுறைக்கு மூத்தவன் கொள்ளி வைக்கவேண்டும். மூத்தவர் அண்ணன். நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே மொட்டையடித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு தோளில் நீர்க்குடம் ஏந்தி நின்றார். முள் போட்டவருக்கு முறையாகக் கொள்ளி வைத்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. செத்தவரிடம் என்ன பகை?

மறுநாள்தான் தகராறு. வீட்டுக்குள் மதினி டிவி ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தார். காரியம் முடியும்வரை பங்காளி வீடுகளில் டிவி ஓடக்கூடாது, தாளிக்கும் வாசனை வரக்கூடாது. அது தெரிந்ததுதான், படம் காத்திருக்கும். நான் ஊசியைப் பற்றி மட்டும் பேசினேன்.

"நாளைக்கு மதுரை போகணும்ணே. அஞ்சு மணிக்குக் கார் வருது."

"கொள்ளி வச்சவன் காரியம் முடியிறமட்டும் எல்லை தாண்டக்கூடாதுடா. தெரியாதமாரி கேக்குற?"

"ஊசித் தேதிண்ணே."

"ஊசி எங்கிட்டு ஓடிப்போகுது? பதினாறு முடியட்டும், மறுநாளே போவோம்."

நேராகப் பெரிய ஆட்களிடம் போனேன். சாவடியில் நாலைந்து பேர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குன்னா தோசமில்லப்பா. போயிட்டு வந்து குளிச்சுப்புட்டா சரியாப் போச்சு. கண்ணு காரியம், கூட்டிட்டுப் போ" என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஓடிவந்து அண்ணனிடம் சொன்னேன்.

அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"அவுக சொல்லுவாக. நாளப்பின்ன அந்தப் பொம்பளப் புள்ளைக என்ன சொல்லும்? பகைய மனசுல வச்சுக்கிட்டு எங்க அய்யாவுக்கு அரைகுறையாச் செஞ்சான்னு சொல்லும். பேச்சு வார்த்தையா இருந்த பெரியப்பான்னா நான் போயிருவேன்டா. இவருக்குப் போகக்கூடாது. இவருக்கு ஒரு குறையில்லாமச் செய்யணும்."

"அவரு நமக்கு முள்ளு போட்டவருண்ணே."

"அதுக்குத்தான்டா சொல்றேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையில் கிடைத்த சொம்பைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். அது உருண்டுபோய்க் கோழிக் கூண்டில் முட்டியது. மதினி போய் எடுத்து வந்தார். அண்ணன் மாதிரி ஆட்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. ஊர் விட்டாலும் அவர் தன்னை விடமாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியை மாற்றித் தரும்படி கேட்டேன். கூடிய சீக்கிரம் வாருங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூட விடுமுறையில் மறுபடி போனேன். முற்றத்தில் மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் கிணற்றடியிலிருந்து வந்தவர் நேராக மிளகாய் மேலேயே நடந்து வந்தார். மிளகாயை மிதிப்பது எங்கள் வீட்டில் சோற்றை மிதிப்பது மாதிரி. நான் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"என்னண்ணே, கண்ணு எப்படி இருக்கு?"

"லேசா கறுப்புக் கொசு பறக்குறமாரி இருக்கு. சுடுகாட்டுப் புகை பட்டதுடா, வேற ஒண்ணுமில்ல."

மதினி என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டார். "தம்பி, ரெண்டு நாளா இலையில கையத் தடவித் தடவிச் சாப்பிடுறாக. கேட்டா எரிஞ்சு விழுறாக. நான் சொன்னேன்னு கேட்டுராதீக." நான் கேட்டேன். கூடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டுக் கேட்டேன். இப்போதே காரை வரச் சொல்கிறேன் என்றேன். அண்ணன், "இன்னும் கொஞ்ச நாள்தான் தம்பி. செஞ்சதப் பாதியில விடச் சொல்லாத" என்றார். தம்பி என்று அவர் இறங்கி வந்ததும் கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் மதுரையில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து நிரம்பியிருந்தது. அதற்குப் பின்னால் விழித்திரை இழுபட்டுப் பிரிந்திருந்தது. "நடுவுல ஏன் வரலை?" என்று டாக்டர் கேட்டார். "வீட்டுல ஒரு துட்டிங்க சார்" என்றார் அண்ணன், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் மாதிரி. பிறகு நான் டாக்டரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன், தேதிக்கு வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று. உறுதியாகச் சொல்ல முடியாது, பிழைத்திருக்கலாம் என்றார். அந்த 'கலாம்' இருக்கிறதே, அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆபரேஷன் செய்தார்கள். இப்போது வெளிச்சம் எது, நிழல் எது என்று தெரிகிறது, அவ்வளவுதான். பெரியப்பாவின் மருமகன்கள் பாதையில் இருக்கிற முள்ளை இன்னும் எடுக்கவில்லை. கண்மாய்க் கரையில் மதினி அண்ணனின் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின நாளைப் பற்றி.

காரியம் மத்தியானத்தோடு முடிந்தது. பெரியப்பாவின் மகள்கள் மூவரும் அண்ணன் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கலைந்தார்கள். அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். நான் காலையில் கிளம்பவேண்டிய நேரத்தைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அந்தப் படத்தக் கொண்டு வந்தியாடா?"

டிஸ்க்கும் பிளேயரும் வாடகைக் கார் டிக்கியில் இருந்தன. அன்றைக்குப் பார்க்கிற எண்ணம் எனக்கு இல்லை, ஆனாலும் எடுத்துவந்திருந்தேன்.

"இப்பவே போடு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா அப்புறம் கட்டு, மருந்து, குனியாத, நிமிராதன்னு சொல்லிருவாக. இப்பவே பாத்துருவோம்."

அவராகவே கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கண் அவ்வளவு ஒன்றும் மோசமில்லை போலிருக்கிறது, மதினிதான் பயந்துவிட்டார் என்று தோன்றியது. அப்படித் தோன்றவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. ஒரு நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு அவரை உட்காரச் சொன்னேன். டிஸ்க் பெட்டியின் உறையைப் பிரித்தேன். பிளேயரைத் தூக்கிக்கொண்டு டிவிக்குப் பின்னால் போய்க் குந்தினேன். ஒயர் மாட்டுகிற துளையில் தூசி அடைத்திருந்தது. ஊதிக்கொண்டே பேசினேன். நெகடிவ்வை எங்கே கண்டுபிடித்தார்கள், உப்புக் கிடங்குக் காட்சியில் வெள்ளை வெள்ளையாகவே தெரிவதற்கு எவ்வளவு பாடுபட்டார்கள், அந்தத் தடியில் மூங்கில் கணுக்கள்கூடத் தெரியுமாம், எல்லாம் சொன்னேன். எனக்கு வாய் ஓயவில்லை. பாதியில் பேச்சை நிறுத்திவிட்டு ஒயரை இறுக்கினேன்.

"அடேயப்பா" என்றார் அண்ணன். "என்னா தெளிவுடா!"

கேலி செய்கிறார் என்று நினைத்து டிவிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அண்ணனின் முகம் என் பக்கம் இல்லை. முற்றத்துக் கதவு திறந்திருந்தது, மூன்று மணி வெயில் அதன் வழியே கண் கூசும்படி விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். விருந்துக்குப் போன வீட்டில் சமையலைப் பாராட்டுகிறவரின் சிரிப்பு முகத்தில் இருந்தது.

"நீ சொன்னப்ப நான் நம்பலடா. ஒரு கீறல் இல்ல. புதுப் படம் கெட்டுச்சு போ."

டிவி இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. டிஸ்க் என் கையில் இருந்தது. அடுப்படி வாசலில் நின்ற மதினி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று பிற்பாடும் நான் கேட்கவில்லை.

"ஆமாண்ணே" என்றேன். "நல்ல தெளிவு."

டிஸ்க்கைப் பிளேயருக்குள் தள்ளி டிவியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் டங்கென்று வெண்கலத் தட்டை அடித்த சத்தத்தோடு படம் ஆரம்பித்தது.

அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றது. கழுத்து வலிக்கு ஆட்டிக்கொள்கிறவர் மாதிரி மெதுவாக, ரொம்ப மெதுவாக, முகத்தைச் சத்தம் வந்த பக்கமாகத் திருப்பினார்.

"சத்தமும் நல்லா வச்சிருக்கான்" என்றார்.

நான் டிவிக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.